சீமாறும் கிணறும்

எல்லாருக்கும் வணக்கமுங்க. மலை ஜனங்க பட்ட பாட்டைப் பத்திப் பேச வரச் சொன்னதும் எனக்கு மொதல்ல ஞாபகம் வந்தது பர்கூர் மலையில இருக்கற ஒரு ஆத்தா தானுங்க. அவங்க பேரன் பைக்கு ரிப்பேர்னா அந்தியூருக்கு ஓட்டிட்டு வருவான், எங்கடா போறேன்னு யாராச்சும் கேட்டா அவன் வொர்க்‌ஷாப்னு சொல்லீருவான், உடனே அந்த ஆத்தா எந்திரிச்சு உள்ள போயிரும். அந்த வார்த்தை காதுல விழுந்தா உக்காந்திருக்க முடியாதுங்க அவங்களுக்கு.

ஏன்னு சொல்றேன். வீரப்பனைப் பிடிக்கறதுக்குன்னு தமிழ்நாடும் கர்நாடகாவும் அதிரடிப்படை போட்டு, நடுவுல எல்லைப் பாதுகாப்புப் படையும் வந்து, கொளத்தூர்ல இருந்து பர்கூர், தாளவாடி வரைக்கும் காட்டோர ஊரெல்லாம் ஒரு சண்டைக்களம் மாதிரி ஆன காலம் அது. 1993 ஏப்ரல் 9ந் தேதி பாலாறு பக்கம் கண்ணிவெடியில 22 பேர் செத்தாங்க, போலீசு, வனத்துறை ஆளுக, கூடப் போன உள்ளூர்க்காரங்கன்னு. அந்தச் சாவையும் நான் சின்னதா நினைக்கலீங்க, அவங்க வீட்லயும் பொண்டாட்டி புள்ளைங்க இருந்தாங்க. ஆனா அதுக்கப்பறம் மலை ஜனங்க எல்லாருமே சந்தேகக் கேசு ஆயிட்டாங்க. மாதேஸ்வரன் மலையில ஆளுகளை அடைச்சு வெச்சு கரண்ட் ஷாக் குடுத்த எடத்துக்கு வெச்ச பேரு தான் வொர்க்‌ஷாப். மனுசனைக் கழட்டிப் போடற எடத்துக்கு வண்டி ரிப்பேர் பண்ற எடத்தோட பேரு, யோசிச்சுப் பாருங்க. மாதேஸ்வரன் மலைன்னா நம்மாளுக நடந்தே போயி மொட்டை போட்டுட்டு வர்ற சாமி மலைங்க, அங்கியே இது நடந்துச்சு.

நான் சொல்ல வந்தது இது தானுங்க. இந்த மாதிரி வேட்டையில ஒடம்புல படற அடி ஒரு பக்கம்னா, ஊர்ல எதுக்கு மரியாதை இருக்குன்னு பாத்து அதுமேல போடற அடி இன்னொரு பக்கம். ரெண்டாவது அடி எந்த ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் வராது.

வாச்சாத்தியை எடுத்துக்கோங்க. தருமபுரி ஜில்லா, அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்துல மலையாளிங்கற பழங்குடி ஜனங்க ஊரு, கேரளாக்காரங்க இல்லீங்க. 1992 ஜூன் 20ந் தேதி சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீசு, வருவாய்த்துறை மூணும் ஒட்டுக்கா உள்ள போச்சு. 18 பொண்ணுகளைக் கெடுத்தாங்க, அதை கோர்ட்டே சொல்லிருச்சு. வீடுகளை இடிச்சாங்க, ஆடு கோழியை அடிச்சுத் தின்னாங்க, கிணத்துல எண்ணெயைக் கலந்தாங்க. சந்தனக்கட்டை தேட வந்தவன் கிணத்தை ஏன் கெடுக்கோணும்? தண்ணி சேந்தற எடம் தான் பொம்பளைங்க கூடற எடம், அதைக் கெடுத்தா இனி இங்க குடியிருக்க உனக்கு உரிமை இல்லைன்னு சொல்றதா தான அர்த்தம்.

அதைவிட எனக்கு நெஞ்சடைக்கறது இன்னொண்ணு. பிடிச்சுட்டுப் போன பொண்ணுக கையில சீமாத்தைக் குடுத்து ஊர்க்கவுண்டரை அடிக்கச் சொன்னாங்கன்னு அந்தப் பொண்ணுகளே பின்னால சொன்னாங்க. நம்ம பக்கம் ஊர்க்கவுண்டர்னா என்ன, கல்யாணத்துக்கு மொத வெத்தலை அவருக்கு, நோம்பிக்குக் காப்புக் கட்டறது அவர் சொன்னப்பறம், பஞ்சாயத்துல அவர் பேசி முடிச்சா தான் அடுத்தவன் வாயைத் திறப்பான். சீமாறுன்னா வாசல்ல மிதிபடக்கூடாதுன்னு மூலையில சாத்தி வெக்கற சாமான், ஒருத்தன் மேல அது தெரியாம பட்டாக்கூட பதறிப் போவோம். ரெண்டையும் ஒண்ணா சேத்து, அதுவும் அவர் ஊட்டுப் புள்ளைக மாதிரி இருக்கறவங்க கையாலயே அடிக்க வெச்சது கோவத்துல செஞ்சதுன்னு என்னால நம்ப முடியலீங்க. அந்த ஊரு எதுல நிக்குதுன்னு தெரிஞ்சவன் தான் அதைச் செஞ்சிருக்க முடியும். அடிபட்டவர் மட்டுமில்லீங்க, அடிச்ச கையும் காலத்துக்கும் வலிக்கும், அப்பறம் ஒருத்தரை ஒருத்தர் மூஞ்சியைப் பாக்கறது எப்புடி?

வீரப்பன் வேட்டைக் கொடுமைகளை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999ல நீதிபதி சதாசிவா தலைமையில குழு போட்டுச்சு. ஜனங்க வந்து சாட்சி சொன்னாங்க, பாதிப் பேருக்கு மேல பயந்துட்டு வராமலே இருந்திருப்பாங்கன்னு தான் எனக்குத் தோணுது. 2007ல 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் குடுக்கச் சொன்னாங்க. தடாங்கற தீவிரவாதத் தடுப்புச் சட்டத்துல உள்ள போனவங்க கதை தனி, வருசக்கணக்கா ஜெயில்ல கெடந்துட்டு வெளிய வந்து பாத்தா காடும் இல்ல மாடும் இல்ல.

வாச்சாத்திக்காரங்க விடலீங்க. குத்தஞ்சாட்டுனது 269 பேரை, கேசு நடக்கறப்பவே 54 பேர் செத்துட்டாங்க, மிச்சம் 215 பேரும் குத்தவாளின்னு 2011 செப்டம்பர் 29ந் தேதி தீர்ப்பாச்சு. அப்பீல் போனாங்க. 2023ல ஹைகோர்ட் நீதிபதி வேல்முருகன் மார்ச் மாசம் அந்த ஊருக்கே நேர்ல போயி, சம்பவம் நடந்த எடத்தையெல்லாம் பாத்து, ஜனங்க சொன்னதைக் கேட்டாரு. அதே செப்டம்பர் 29ந் தேதி தண்டனையை உறுதி பண்ணி, பாதிக்கப்பட்ட பொண்ணுகளுக்குத் தலைக்கு 10 லட்சம் குடுக்கச் சொல்லி, அப்ப இருந்த கலெக்டர், எஸ்பி, ஜில்லா வனத்துறை அதிகாரி மேலயும் நடவடிக்கை எடுக்கச் சொன்னாரு. 31 வருசம் ஆச்சுங்க. அன்னைக்கு ஜீப்புச் சத்தம் கேட்டு காட்டுக்குள்ள ஓடுன ஜனங்க, நீதிபதி வந்த அன்னைக்கு ஓடாம நின்னு, இங்க தானுங்க நடந்துச்சுன்னு கையைக் காட்டிச் சொன்னாங்க.