பிஞ்சு மணிக்கட்டில் ஒரு தடம்

நேயர்களுக்கு வணக்கம். நான் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர். ஒருநாள் காலை, பிறந்து ஐந்தே நாளான பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். குழந்தையின் வலது மணிக்கட்டில் கருப்புக் கயிறு. கத்தரித்துப் பார்த்தேன். கயிற்றுக்கு அடியிலும் கயிறு கட்டியது போலவே ஒரு பள்ளம், சுற்றிலும். அது பிறக்கும்போதே இருந்த தடம். கண்ணில் படக்கூடாதென்றுதான் அதன்மேல் கயிறு கட்டியிருக்கிறார்கள். கை உப்பியிருந்தது. இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை.

"கிரகணத்தன்னிக்கு அருவாமனையில காய் நறுக்குனா டாக்டரம்மா. சொன்னா கேட்டாத்தானே" என்றார் பாட்டி. மருமகள் தலை நிமிரவே இல்லை.

இந்தத் தடத்துக்கு மருத்துவத்தில் 'அம்னியாட்டிக் பேண்ட்' என்று பெயர். பனிக்குடம் என்கிறோமே, அதன் சுவரில் இரண்டு சவ்வுகள் உண்டு. உள்சவ்வு கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே கிழிந்தால், நார் நாராகப் பிரிந்து விரலிலோ காலிலோ சுற்றிக்கொள்ளும். பிள்ளை வளரும், நார் வளராது. இறுகிக்கொண்டே போகும். சில சமயம் விரல் நுனியே போய்விடும். 1965-இல் டார்பின் என்ற மருத்துவர் சொன்ன விளக்கம் இது. கோளாறு கருவின் வளர்ச்சியிலேயே இருக்கிறது என்று 1930-லேயே ஸ்ட்ரீட்டர் என்ற கருவியல் ஆய்வாளர் சொல்லியிருந்தார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் இரண்டு பேர் சொன்னதிலும் அருவாமனை கிடையாது.

இப்படிப் பிறந்த குழந்தைக்கு வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது நிறம். தடத்துக்கு அப்பால் உள்ள விரலை லேசாக அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு மூன்று விநாடியில் பழைய நிறத்துக்கு வர வேண்டும். நீலம் பாரித்தாலோ, சில்லிட்டாலோ, வீக்கம் ஏறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வளையல், வசம்பு, கயிறு எதையும் அந்தக் கையில் கட்டாதீர்கள். எண்ணெய் போட்டு நீவினாலும் பள்ளம் நிரம்பாது. குளிப்பாட்டியபின் மடிப்பில் ஈரம் தங்காமல் ஒற்றி எடுங்கள், போதும்.

ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் அறுவை சிகிச்சைக்குச் சில மாதங்கள் பொறுக்கலாம். இறுக்கிய தோலை நீக்கிவிட்டு நேர்கோடாகத் தைத்தால் தழும்பு சுருங்கி மறுபடி இறுக்கும். அதனால் இசட் எழுத்து மாதிரி வெட்டி, தோலை இடம் மாற்றித் தைப்போம். இப்படிப் பிறக்கும் சில குழந்தைகளுக்குப் பாதமும் உள்பக்கம் வளைந்திருக்கும். அப்படி இருந்தால் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி நிமிர்த்த வேண்டும். அதைச் சீக்கிரமே தொடங்கிவிடுவது நல்லது.

கிளம்பும்போதுதான் அந்தத் தாய் வாய் திறந்தாள். "அடுத்த புள்ளைக்கும் இப்படி வருமாம்மா?"

பரம்பரையாக வருவதில்லை, மறுபடி வருவது மிக அபூர்வம் என்றேன். பாட்டி காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். பாட்டி, வெட்டிய கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை என்ன செய்யறது?" என்றார்.

"பிள்ளை கைக்கு எட்டாம தொட்டில் கம்புல கட்டிக்குங்க பாட்டி."