பழைய டிவியைத் தூக்கிப் போடாதீங்க! பாட்டைக் கண்ணால பார்க்கலாம்

(பின்னாடி சுவர்ல பழைய 32 இன்ச் டிவி. அதுல நிறங்கள் சுழண்டுக்கிட்டே இருக்கு. முன்னாடி மேஜையில லேப்டாப், பக்கத்துல ஒரு மிருதங்கம்.)

எனக்குப் பின்னாடி ஓடுதே, இது எங்கேயோ இருந்து இறக்கின வீடியோ இல்ல. யாரும் உட்கார்ந்து வரையவும் இல்ல. இந்த நொடி இந்த லேப்டாப் கணக்குப் போட்டு வரைஞ்சுக்கிட்டிருக்கு. ஆனா ஒண்ணு யோசிங்க, இங்க பாட்டே ஓடல. அப்ப அது எதுக்கு ஆடுது? கடைசில சொல்றேன், ஓட்டி விட்டுப் போயிடாதீங்க.

செலவு ஒரு எச்டிஎம்ஐ கேபிள். டிவி உங்க வீட்டுப் பரண்லயே தூசி படிஞ்சு கிடக்கும். பழைய இரும்புக்காரர் வர்றதுக்குள்ள இதைப் பார்த்து முடிச்சிடுங்க.

வரலாறு ஒரே மூச்சுல. 1977ல அட்டாரி கம்பெனி, ஸ்டீரியோவுக்கும் டிவிக்கும் நடுவுல மாட்டினா பாட்டுக்கேத்த படம் காட்டற 'வீடியோ மியூசிக்'னு ஒரு பெட்டி வித்தாங்க. 1997ல கம்ப்யூட்டர்ல பாட்டுப் போடற விண்ஆம்ப் வந்தது. 2001ல ரையன் கைஸ்ங்கறவர் அதோட சேர்ந்து ஓடி, பாட்டுக்கேத்த மாதிரி படம் காட்டற மில்க்டிராப்னு ஒரு ப்ளகின் எழுதினார். முடிஞ்சது வரலாறு. பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்த தலைமுறைக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கும், மத்தவங்க பெரியவங்களைக் கேட்டுக்கோங்க. நான் இங்க ஓட்டறது ப்ராஜெக்ட்எம். மில்க்டிராப்பை ஓப்பன் சோர்ஸ்ல திரும்ப எழுதினது, இலவசம்.

(லேப்டாப் திரை, கிட்டத்துல.)

கேபிளைச் சொருகியாச்சு. விண்டோஸ் பட்டனோட 'பி'யை அழுத்துங்க. நாலு வழி காட்டும். அதுல 'எக்ஸ்டெண்ட்'. திரும்பவும் சொல்றேன், எக்ஸ்டெண்ட். லேப்டாப்ல இருக்கறதையே டிவியிலயும் காட்டற 'டூப்ளிகேட்' வேண்டவே வேண்டாம். எங்க அத்தை பையன் நிச்சயதார்த்தத்துக்கு நான் டூப்ளிகேட்ல போட்டேன். கலர் கலரா ஓடிக்கிட்டிருக்கு, சொந்தக்காரங்க வாயைப் பொளந்து பார்க்கறாங்க, நடுவுல டிங்குனு ஒரு மெசேஜ்: "அந்த நாலாயிரம் எப்படா தருவே?" அதுக்கப்புறம் யாரும் கலரைப் பார்க்கல, என்னைத்தான் பார்த்தாங்க.

எக்ஸ்டெண்ட் போட்டா டிவி தனித் திரை. விண்டோஸ், ஷிஃப்ட், வலது அம்பு மூணையும் சேர்த்து அழுத்தினா விண்டோ அந்தப் பக்கம் தாவிடும். அங்க போனதுக்கு அப்புறம் முழுத்திரை ஆக்குங்க. நீங்க இந்தப் பக்கம் எக்ஸெல் ஷீட்டோட மல்லுக்கட்டலாம், அந்தப் பக்கம் அது பாட்டுக்கு ஆடும்.

ரெண்டு இடத்துல சறுக்கும். கேபிளைச் சொருகினதும் சத்தமும் சில சமயம் டிவிக்குப் போயிடும். கீழ ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு உங்க ஸ்பீக்கரையே திரும்பத் தேர்ந்தெடுங்க. அடுத்தது, ப்ராஜெக்ட்எம் எதைக் கேட்கணும்னு நீங்க காட்டணும். விண்டோஸ்ல ஸ்பீக்கரைக் காட்டினா, அதுக்குப் போற சத்தத்தையே அது பிடிச்சுக்கும், அதனால எந்த ஆப்ல பாட்டு ஓடினாலும் சரி. சமையல்கட்டுல குக்கர் விசில் அடிச்சதுக்குப் படம் ஆடுச்சுன்னா, மைக்கைத் தேர்ந்தெடுத்து வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். பாட்டைக் கம்ப்யூட்டர் எப்படிப் பார்க்குது?

சிடி தரத்துல ஒரு செகண்ட் பாட்டுன்னா ஒரு பக்க ஸ்பீக்கருக்கு 44,100 எண்கள். எல்லாம் கலந்து கிடக்கும். கோயில் உண்டியலைத் திறந்து கொட்டினா எப்படி? உட்கார்ந்து ஒரு ரூபா தனி, ரெண்டு ரூபா தனி, அஞ்சு ரூபா தனின்னு குவிப்பாங்க இல்ல? அதேதான். பாட்டுல துளி துளியா எடுத்து, கனமான சத்தம் ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், கீச்சு ஒரு குவியல். இந்தப் பிரிக்கிற வேலைக்கு ஃபூரியர் உருமாற்றம்னு பேரு. அதை வேகமாப் போடற வழியை 1965ல கூலி, டுக்கின்னு ரெண்டு பேர் வெளியிட்டாங்க, அதனாலதான் சாதா லேப்டாப்பும் இதை அலட்டிக்காம பண்ணுது.

மில்க்டிராப் கைக்கு முக்கியமா வர்றது அந்த மூணு குவியலுக்கு மூணு எண்: பேஸ், மிட், ட்ரெபிள். 1ன்னா வழக்கமான அளவு. 0.7க்குக் கீழ போனா அமைதி, 1.3ஐத் தாண்டினா நல்ல அடி. எதை வெச்சு வழக்கம்? அந்தப் பாட்டோட கொஞ்ச நேரத்துச் சராசரியை வெச்சுத்தான். அதனால தாலாட்டுப் போட்டாலும் ஆடும், பறையைப் போட்டாலும் ஆடும். சத்தத்தை ஏத்தி வெச்சுக்கிட்டே போனா மட்டும் அதுக்கு வெறி பிடிக்காது.

சரி, மூணு எண்ணை வெச்சுக்கிட்டு இவ்வளவு அழகு எப்படி? இதுக்குத்தான் நான் வீடியோவே போட்டேன்.

(சலூன் நாற்காலி படம்.)

சின்ன வயசுல சலூன்ல முன்னாடி ஒரு கண்ணாடி, பின்னாடி ஒரு கண்ணாடி. கழுத்துல துணியைக் கட்டி உட்கார வெச்சதும் எதிர்ல பார்த்தா நான், எனக்குப் பின்னாடி நான், அதுக்கும் பின்னாடி நான். ஒவ்வொரு நானும் கொஞ்சம் சின்னது, கொஞ்சம் இருட்டு, போகப் போக லேசாப் பச்சை. பின் கண்ணாடி ஆணியில கொஞ்சம் சாஞ்சு தொங்கினா அந்த வரிசையே வளைஞ்சு ஓடும். "ஆடாத தம்பி"ன்னு அவர் தலையை அழுத்திப் பிடிப்பார். நான் காதை மட்டும் ஆட்டிப் பார்ப்பேன். இருபது காது ஆடும்.

மில்க்டிராப் அந்த சலூன்தான். ஃப்ரேம்னா திரையில அடுத்தடுத்து வர்ற தனித்தனிப் படம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அது புதுசா படம் வரையறதில்ல. போன ஃப்ரேமையே எடுக்குது. ஒரு சதவீதம் பெரிசாக்குது, லேசாத் திருப்புது, கொஞ்சம் மங்க வைக்குது. அதுக்கு மேல பாட்டோட அலையை ஒரு கோடாக் கிறுக்குது. அந்தக் கிறுக்கினதையே எடுத்து அடுத்த ஃப்ரேமுக்கு மறுபடி பெரிசாக்குது. ஃப்ரேமுக்கு ஒரு சதவீதம்தானேன்னு நினைக்காதீங்க, செகண்டுக்கு 60 ஃப்ரேம் ஓடினா ஒரே செகண்ட்ல 1.8 மடங்கு. மங்கறது ஃப்ரேமுக்கு ரெண்டு சதவீதம்னு வையுங்க, ஒரு செகண்ட் கழிச்சு வெளிச்சத்துல 30 சதவீதம்தான் மிச்சம். ரெண்டாவது செகண்ட்ல 9.

சலூனுக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம். அங்க இருபது காதும் ஒண்ணா ஆடும். இங்க முதல் ஆள் ஆட்டினது அடுத்த ஆளுக்கு ஒரு ஃப்ரேம் தள்ளித்தான் போகும். அதாவது டிவி நடுவுல இருக்கறது இப்ப விழுந்த அடி. ஓரத்துக்குப் போய் மங்கிக்கிட்டிருக்கே, அது போன செகண்ட்ல விழுந்த அடி. பாட்டோட பழசும் புதுசும் ஒரே திரையில. இது புரிஞ்ச அன்னிக்கு ராத்திரி நான் ரெண்டு மணி வரைக்கும் தூங்கல, பக்கத்து வீட்டுக்காரரும் தூங்கல.

எந்த வேகத்துல பெரிசாகணும், எப்பத் திரும்பணும்னு எழுதி வெச்சிருக்கறது பிரிசெட். அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேட்லயே திறக்கலாம். மங்கற எண்ணை 0.98ல இருந்து 0.9 ஆக்கிப் பாருங்க, வாலெல்லாம் அறுந்து போய் பொட்டுப் பொட்டா நிக்கும்.

(மிருதங்கம் மடிக்கு வருது.)

இடது பக்கம், தொப்பி. "தோம்". பாருங்க, படம் மூச்சை இழுத்த மாதிரி உப்புது, பேஸ் ஏறுது. இப்ப வலது பக்கம், வலந்தலை, "நம்". உப்பல, கோடு மட்டும் துடிக்குது. நடுவுல இந்தக் கறுப்பு வட்டம் இருக்கு இல்ல, கரணை, இதைப் பத்தி நம்ம திருச்சில பொறந்த சி.வி. ராமன் 1920லயே நேச்சர் இதழ்ல எழுதியிருக்கார். சாதாரண தோல் முரசுல மேல் சுரங்கள் அடிச் சுரத்தைப் போல 1.59 மடங்கு, 2.14 மடங்குன்னு கோணல் மாணலா வரும். இந்தக் கறுப்புப் பூச்சு அதை 2, 3, 4னு வரிசைக்குக் கொண்டு வந்துடுது. மில்க்டிராப்புக்கு அந்த நுணுக்கம் தெரியாது, அதுக்கு மூணு குவியல் போதும். ராமன் விஷயத்தைப் பார்க்கணும்னா ஸ்பெக்ட்ரம், அதாவது சத்தத்துல எந்தச் சுரம் எவ்வளவுன்னு காட்டற ஆப் ஒண்ணை டிவியில ஓட்டுங்க, கம்பி கம்பியா சம இடைவெளி விட்டு நிக்கும். தனி வீடியோ வேணுமா, கமெண்ட்ல 'கரணை'ன்னு போடுங்க.

படம் சத்தத்துக்குப் பின்னாடி நொண்டினா டிவியில 'கேம் மோடு' போடுங்க, தாமதம் குறையும். ப்ளூடூத் ஸ்பீக்கர்னா கதை தலைகீழ், படம் முந்திக்கும், சத்தம் பின்னாடி வரும். அதுக்கு என்கிட்ட ஒயரைத் தவிர வேற வைத்தியம் இல்ல. விளையாட்டில்லாம ஒண்ணு: சில பிரிசெட் வெட்டி வெட்டி மின்னும். வலிப்பு வர்றவங்க வீட்ல இருந்தா அதெல்லாம் போடாதீங்க. செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல மின்னறது கூடாதுன்னு இணையதளங்களுக்கே விதி வெச்சிருக்காங்க.

இப்ப அந்தக் கேள்விக்கு வர்றேன். மிருதங்கம் வாசிச்ச நேரம் தவிர இங்க பாட்டே இல்ல, பின்னாடி எது ஆடிச்சு?

மைக். நான்தான். வீடியோ முழுக்க நீங்க பார்த்தது என் குரலை. நம்பிக்கை வரலையா? டிவியையே பாருங்க.

(கேமரா டிவிக்குப் போகுது.)

"ம்ம்ம்ம்."

"ஸ்ஸ்ஸ்ஸ்."

"கத்திரிக்கா, புடலங்கா, சுண்டைக்கா."

(உள்ளே இருந்து குக்கர் விசில். டிவி முழுக்க ஒரு வெள்ளைக் கோடு சிலிர்த்து, ஓரத்துக்குப் போய் மங்குது.)