முக்கால் இன்ச் என்று மட்டும் சொல்லி மரை டேப் வாங்காதீர்கள்

[காட்சி: பெயிண்ட் ரோலர் கம்பின் நுனி, மிக அருகில்]

வணக்கம். இது அமெரிக்காவில் விற்கும் பெயிண்ட் ரோலர் கம்பு. அங்கே துடைப்பக் கம்புக்கும் பெரும்பாலும் இதே மரைதான். ஒரு மரக்கட்டையில் துளை போட்டு, இந்தக் கம்பு ஏறுகிற மாதிரி உள்மரை வெட்டணும். துளைக்குள் மரை வெட்டும் கருவிக்கு டேப் என்று பெயர். எந்த டேப் வாங்குவது?

முதல் தடவை நான் நுனியை மட்டும் அளந்தேன். முக்கால் இன்ச். நம்ம ஆசாரி கணக்கில் ஆறு நூல். சரி, முக்கால் இன்ச் டேப் போதும் என்று வாங்கி வந்தேன். அது சாதாரண போல்ட்டுக்கான டேப். இன்ச்சுக்கு 10 மரை. கம்பு அரைச் சுற்றுகூட ஏறவில்லை.

[காட்சி: மரை மேல் தாள், பென்சில் தேய்க்கும் கை]

மரையின் மேல் தாளைச் சுற்றி, பென்சிலால் லேசாகத் தேயுங்கள். மேடுகள் கறுப்புக் கோடாக விழும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து எண்ணுங்கள்: ஒரு இன்ச்சுக்கு 5. அதாவது ஒரு சுற்றுக்கு 5.08 மி.மீ. நகரும். மேடும் போல்ட் மரை மாதிரி கூராக இல்லை, தட்டையாக இருக்கிறது. இதற்கு அக்மி மரை என்று பெயர். பக்கச் சரிவுகளுக்கு நடுவே 29 டிகிரி. போல்ட்டில் அது 60.

இனிமேல்தான் பொறி. முக்கால் இன்ச் அக்மி என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது 6 மரை டேப். அந்த அளவில் வழக்கமான அக்மி அதுதான். மர வேலைக்கென்று விற்கும் முக்கால் இன்ச் டேப்பும் பெரும்பாலும் 6 மரைதான். அதில் வெட்டிய துளையில் கம்பு முதல் சுற்று ஏறும், ‘ஆஹா’ என்போம், இரண்டாவது சுற்றில் இறுகிவிடும். ஆகவே ‘முக்கால், அஞ்சு மரை, அக்மி’ என்று மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். கிடைக்கும், ஆனால் விலை கடிக்கும். நான்கைந்து துளைக்காக அதை வாங்குவது வீண் என்பேன்.

[காட்சி: உலோக முனை, முக்கோண அரம்]

மரக்கம்பின் நுனி உடைந்தால் மாட்டுகிற உலோக முனை அங்கே ஹார்டுவேர் கடைகளில் தனியாகவே கிடைக்கும். மரை ஏற்கெனவே சரியான அளவில் இருக்கிறது; அதையே டேப் ஆக்கிவிடலாம். முக்கோண அரத்தால் நீளவாக்கில் மூன்று பள்ளம் இழுங்கள். திருகும்போது மரத்தை முதலில் தொடும் விளிம்பு செங்குத்தாக, கூராக நிற்கணும். முன்பக்கத்து இரண்டு மரையை மட்டும் சரிவாகத் தேய்த்துவிடுங்கள், அப்போதுதான் துளைக்குள் நேராக இறங்கும். இரும்பில் இது செல்லாது. மரத்துக்குத் தாராளம்.

துளைக்கு 9/16 இன்ச் பிட், அதாவது 14.3 மி.மீ. கணக்குப்படி மரையின் அடிவிட்டம் ஏறக்குறைய 14 மி.மீ. வருகிறது, மரத்துக்கு அந்தத் துளி இடைவெளி நல்லது. துளைக்குள் கொஞ்சம் மெழுகு தடவுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பள்ளத்தில் சீவல் அடைத்ததும் வெளியே எடுத்துத் தட்டுங்கள். அவசரப்பட்டு ஒரே மூச்சில் திருகினால் மேடுகள் பொடியாக உதிரும், குறிப்பாக நார் ஓட்டத்துக்கு நேராகத் துளை போட்டிருந்தால். கட்டையின் பக்கவாட்டில் போடுவதே மேல்.

[காட்சி: கம்பு கட்டைக்குள் ஏறுகிறது]

இப்போது கம்பைப் பாருங்கள். ஐந்து சுற்று. ஒரு இன்ச் உள்ளே.