கொள்ளையர் ஏறிய மேடை

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, வேலை நாளிலும் வந்து சிறப்பித்திருக்கும் கவுன்சிலர் அம்மையார் அவர்களே, மண்டபத்தைப் பாதி வாடகைக்குத் தந்த நண்பரே (போன வருஷம் முழுசாக வாங்கினார், அதையும் சொல்லிவிட வேண்டும்), மெல்பர்ன் வாழ் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம்.

நாடகம், அதன் காட்சி அமைப்பு, அதைப் பார்த்த கூட்டம் என்று மூன்று பற்றிப் பேச வந்தேன்.

1907-ல் இதே ஊரின் தியேட்டர் ராயலில் 'தி ஸ்குவாட்டர்ஸ் டாட்டர்' மேடையேறியது. பெர்ட் பெய்லியும் எட்மண்ட் டகனும் ஆல்பர்ட் எட்மண்ட்ஸ் என்ற ஒரே புனைபெயரில் எழுதியது. பண்ணைக்காரர் மகள் வயலட் எண்டர்பி கதாநாயகி. கதைக்குள் பென் ஹாலின் கொள்ளைக் கூட்டமும் உண்டு. நிஜமான பென் ஹாலை 1865-லேயே ஃபோர்ப்ஸ் பக்கம் போலீஸ் சுட்டுக் கொன்றுவிட்டது. பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான். மேடையிலோ மறுநாள் ராத்திரியே எழுந்து வந்துவிடுவான்!

கொள்ளையர் என்றால் நெட் கெல்லியை விட முடியுமா? முன்வரிசை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். 1880 ஜூன், கிளென்ரோவன். போலீஸ் வரும் ரயிலைக் கவிழ்க்கத் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, ஊர்க்காரர்களை ஒரு விடுதியில் பிடித்து வைத்திருக்கிறான் கெல்லி. அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர் தாமஸ் கர்னோ. சரியாக நடக்கக்கூட முடியாதவர். நைச்சியமாகப் பேசி அனுமதி வாங்கி, வீட்டுக்குப் போகிறார். போய்ப் படுத்தாரா? இல்லை ஐயா! ஒரு மெழுகுவர்த்தி, ஒரு சிவப்புத் துணி. தண்டவாளத்து ஓரம் நின்று, சுடரைத் துணிக்குப் பின்னால் பிடித்தார். சிவப்பு வெளிச்சம் கண்டு ரயில் நின்றது. இரும்புக் கவசம் போட்ட கெல்லியை ஒரு வாத்தியார் மெழுகுவர்த்தியால் கவிழ்த்தார். (கைதட்டல்.) பல நாள் திருடன்... நீங்களே சொல்லிவிட்டீர்கள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த 'ஸ்குவாட்டர்ஸ் டாட்டர்' நாடகத்தை 1910-ல் படமாக எடுத்தார்கள். இன்று அந்தப் படம் இல்லை, தொலைந்தே போய்விட்டது. 1912-ல் நியூ சவுத் வேல்ஸ் போலீஸ் கொள்ளையர் படங்களுக்கே தடை போட்டது வேறு. நம் சங்கத்தில் பொங்கலுக்குப் பொங்கல் போட்ட நாடகங்களின் கையெழுத்துப் பிரதிகள் எங்கே? என்னிடம் இருந்த இரண்டையும் ஒருவர் 'படித்துவிட்டுத் தருகிறேன்' என்று வாங்கிப் போனார். பெயர் சொல்லமாட்டேன். இந்த அரங்கில்தான் இருக்கிறார். பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான்!

காட்சி அமைப்பு பற்றி இன்னொரு கூட்டத்தில் பேசலாம். தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வாசலில் செயலாளர் ஒரு பெட்டி வைத்திருக்கிறார். வீட்டில் கிடக்கும் நாடகப் பிரதிகளை, பக்கம் கிழிந்திருந்தாலும், அடுத்த கூட்டத்துக்குள் கொண்டுவந்து போடுங்கள். கவுன்சிலர் அம்மா மனசு வைத்தால், நகர நூலகத்தில் ஒரு அலமாரியும் கிடைக்கும்.