அனிமே உருவச்சிலைகள்: பார்வைக்கு வைத்தலும் பேணுதலும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐந்து ஆண்டுகள் பெட்டியைத் திறக்காமலே நான் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஓர் அனிமே உருவச்சிலையை, அதாவது ஜப்பானிய அசைபடக் கதைமாந்தர் ஒருவரின் பிளாஸ்டிக் சிலையை, ஒரு நாள் வெளியே எடுத்தேன். அதன் கன்னத்தில் என் விரல் பட்டதும் ஒட்டிக்கொண்டு, மெல்லிய ஒலியோடு விடுபட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, தூசியே பட்டிராத அந்த முகத்தில் எண்ணெய் பூசியதுபோல ஒரு பளபளப்பு இருந்தது. மூக்கைக் கூசவைக்கும் பிளாஸ்டிக் வாடையும் பெட்டிக்குள்ளிருந்து எழுந்தது. என் சேகரிப்பிலேயே மிகவும் பாதுகாப்பாக இருப்பதாக நான் நம்பியிருந்த சிலை அதுதான். நாள்தோறும் கண்ணில் படும்படி அலமாரியில் நின்ற மற்றச் சிலைகளோ நல்ல நிலையில் இருந்தன. பார்வைக்கு வைப்பது ஒரு வேலை, பாதுகாப்பது வேறொரு வேலை என்று அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். சரியாகப் பார்வைக்கு வைப்பதே பாதுகாப்பின் பெரும்பகுதி என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் இச்சிலைகள் எதனால் ஆனவை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைகளில் வண்ணம் பூசி, முழுமை பெற்றே விற்பனைக்கு வரும் பெரும்பாலான அனிமே சிலைகள் இரண்டு வகைப் பிளாஸ்டிக்குகளால் செய்யப்படுகின்றன. முகம், கூந்தல், உடையின் மடிப்புகள் போன்ற நுட்பமான பகுதிகளுக்கு பி.வி.சி. பயன்படுகிறது, பீடம், ஆயுதம், தாங்குகோல் போன்ற விறைப்பான பகுதிகளுக்கு ஏ.பி.எஸ். பயன்படுகிறது. பி.வி.சி. இயல்பில் கடினமான பொருள். அதை வளையும் தன்மையுடையதாக்க, பிளாஸ்டிசைசர் எனப்படும் நெகிழ்வூட்டியைச் சேர்க்கிறார்கள். இந்த நெகிழ்வூட்டி பி.வி.சி.யோடு வேதிப்பிணைப்பில் கட்டுண்டு கிடப்பதில்லை. ஊறுகாயில் எண்ணெய் ஊறியிருப்பதுபோல உள்ளே ஊறித்தான் கிடக்கிறது. ஆகவே காலம் செல்லச் செல்ல அது மெள்ள மேற்பரப்புக்கு வருகிறது; வெப்பம் கூடினால் இன்னும் விரைந்து வருகிறது. காற்றோட்டம் இருந்தால் அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். மூடிய பெட்டிக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. மேற்பரப்பிலேயே பிசுக்காகத் தங்கிவிடுகிறது. என் சிலையின் கன்னத்தில் ஒட்டியது அந்தப் பிசுக்குதான்.

பள்ளி நாள்களில் வினைல் அழிப்பானைப் பிளாஸ்டிக் அளவுகோலின்மேல் வைத்து மறந்துவிட்டு, சில வாரம் கழித்து இரண்டும் ஒட்டிக்கிடக்கக் கண்டவர்கள் நம்மில் பலர் இருப்போம். பிரித்தெடுத்தால் அளவுகோலில் அழிப்பானின் வடிவத்திலேயே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அழிப்பானில் உள்ள நெகிழ்வூட்டி அளவுகோலின் பிளாஸ்டிக்குக்குள் புகுந்து அதை இளக்கியதன் விளைவு அது. அலமாரியிலும் இதுவே நடக்கும். மென்மையான கூந்தல் நுனி பக்கத்துச் சிலையின் தோள்மீது மாதக்கணக்கில் சாய்ந்திருந்தால் வண்ணம் ஒட்டிப் பெயரும். கறுப்புப் பாவாடையின் சாயம் வெளிர்ந்த தொடையில் இறங்கும். புதுச் சிலையின் உடலுக்கும் உடைக்கும் நடுவே உற்பத்தியாளர்கள் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி அனுப்புவது இதற்காகத்தான். எனவே ஒரு சிலை இன்னொரு சிலையைத் தொடாதபடி இடைவெளி விடுவது அழகுக்காக மட்டும் சொல்லப்படும் விதி அன்று.

இங்கே ஒரு முரண்பாட்டையும் சொல்லியாக வேண்டும். காற்றாட வைத்தால் பிசுக்கு குறைகிறது என்றேன். ஆனால் நெகிழ்வூட்டி ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருந்தால், பல பத்தாண்டுகளில் பி.வி.சி. சுருங்கி, இறுகி, நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். நெடுங்காலப் பாதுகாப்பை முன்னிட்டுச் சிந்திக்கும் அருங்காட்சியகப் பணியாளர்கள், நெகிழ்வூட்டி வெளியேறுவதைத் தாமதப்படுத்தவே விரும்புவார்கள். அப்படியானால் வீட்டில் சேகரிப்பவர் யார் வழியில் நடப்பது? இரண்டு வழிக்கும் பொதுவான ஒன்று குளிர்ச்சி. வெப்பம் குறைந்த இடத்தில் பிசுக்கும் குறைகிறது, இழப்பும் குறைகிறது. ஆகையால் கதவுள்ள அலமாரியில் வைத்து, அறையைக் குளுமையாக வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை கதவைச் சிறிது நேரம் திறந்துவிடுவதே நான் தேர்ந்துகொண்ட நடுவழி.

வெப்பத்தின் இன்னொரு கேடு சிலையின் காலில் தெரியும். ஒற்றைக் காலில் நின்று காற்றில் பாய்வதுபோன்ற சிலை ஒன்று என்னிடம் உண்டு. முழு எடையும் சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு கணுக்காலில் இறங்குகிறது. ஒரு கோடைக்காலத்தின் முடிவில், அந்த நாயகியின் பார்வை முன்புபோல என்மீது படாமல் தரையை நோக்கியிருப்பதாகத் தோன்றியது. அருகில் சென்று பக்கவாட்டில் பார்த்தேன். உடல் முழுவதும் ஒரு விரற்கடை அளவு முன்னே சாய்ந்திருந்தது. கணுக்காலின் பின்புறத்தில் மயிரிழைபோல ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. பிளாஸ்டிக் எதுவானாலும், நிலையான சுமையைத் தாங்கி நின்றால், உடையாமலே மெள்ள மெள்ள உருமாறும். சூடு அதை விரைவுபடுத்துகிறது. நல்ல வேளையாகத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டதால் சரிசெய்ய முடிந்தது. பீடத்திலிருந்து சிலையைக் கழற்றி, வளைந்த காலை மட்டும் கை பொறுக்காத சூடுள்ள, ஆனால் கொதிக்காத நீரில் ஓரிரு நிமிடம் வைத்து, இளகியதும் துணியால் பிடித்து நிமிர்த்தி, அதே நிலையில் பிடித்தபடி குளிர்ந்த நீரில் நனைத்து இறுகவிட வேண்டும். அவசரப்பட்டுக் குளிர்ந்த காலையே வளைத்தால் வண்ணம் வெடிக்கும், கால் முறியவும் கூடும். நிமிர்த்தியபின் இடுப்புக்குக் கீழே ஒளிபுகும் தாங்குகோல் ஒன்றை முட்டுக்கொடுத்தேன். அது கண்ணுக்குத் தெரிகிறதே என்று சிலர் குறைசொல்வார்கள். சாய்ந்த சிலையைவிடத் தாங்குகோல் எனக்கு உறுத்தலாக இல்லை.

வெளிச்சம் செய்யும் கேட்டுக்கு இத்தகைய மருத்துவம் இல்லை. வண்ணம் மங்கியது மங்கியதுதான். வெள்ளைப் பகுதி பழுப்பேறினால் அதை முழுமையாக மீட்பதும் அரிது. ஒளியின் பாதிப்பு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது. இடையில் ஓய்வு கொடுத்தாலும் முன்பு பட்டது கழிந்துவிடுவதில்லை. சன்னல் கண்ணாடி வெயிலைத் தடுத்துவிடும் என்று நம்புவது தவறு. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் குறுகிய அலைநீளம் கொண்டவற்றைப் பெரும்பாலும் தடுத்தாலும், நீண்ட அலைநீளம் கொண்டவற்றை உள்ளே விட்டுவிடுகிறது. புற ஊதாக் கதிர் தடுப்புப் படலம் ஒட்டினால் பெருமளவு பயன் உண்டு. ஆயினும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தை மங்கச் செய்யும் என்பதால், படலம் ஒட்டிவிட்டோம் என்று நேர்வெயிலில் வைக்கக் கூடாது. ஒளியால் எளிதில் கெடும் துணிகள், நீர்வண்ண ஓவியங்கள் போன்றவற்றுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (ஒரு பரப்பின்மீது விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவையே வரம்பாகக் கொள்கின்றன. அந்தக் கண்டிப்பு வீட்டுக்குத் தேவையில்லை. ஆனால் பகலில் எந்த நேரத்திலும் வெயில் நேரே விழாத சுவர்தான் அலமாரிக்கு உரிய சுவர். ஒரு நாள் முழுவதும் வீட்டில் இருந்து, வெயில் தரையில் எங்கெங்கே நகர்கிறது என்று பார்த்தபின் இடத்தை முடிவு செய்யுங்கள். கோடையில் படாத சுவரில் குளிர்காலத்துச் சாய்வெயில் படக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அலமாரிக்குள் விளக்கு வேண்டுமானால் எல்.இ.டி. விளக்கே ஏற்றது. அதில் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய இல்லை; ஹாலோஜன் விளக்கைப்போல வெப்பத்தையும் கொட்டுவதில்லை. ஆயினும் வெப்பம் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மின்னழுத்தத்தை மாற்றித் தரும் அடாப்டரை அலமாரிக்கு வெளியே வைத்துவிட்டு, விளக்கை இரண்டு மணி நேரம் எரியவிட்டு, மேல்தட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் அந்தத் தட்டில் ஒற்றைக்கால் சிலைகளை நிறுத்தாதீர்கள்.

கண்ணாடி அலமாரியா, அக்ரிலிக் பெட்டியா என்று பலரும் கேட்கிறார்கள். கண்ணாடியில் எளிதில் கீறல் விழாது, துடைப்பதும் எளிது; ஆனால் கனம் அதிகம். அக்ரிலிக்கின் எடை அதே அளவுள்ள கண்ணாடியின் எடையில் ஏறக்குறையப் பாதிதான். ஒரே சிலைக்கு ஒரு பெட்டி என்று வைக்க அதுவே வசதி. ஆனால் உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும், நிலைமின்னூட்டம் ஏறித் தூசியை இழுத்துக்கொள்ளும். ஈரத்துணியால் மெள்ள ஒற்றி எடுக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவத்தை அக்ரிலிக்கில் பயன்படுத்தினால் மயிரிழை வெடிப்புகள் தோன்றக்கூடும். எந்த அலமாரியானாலும் அதைச் சுவரோடு திருகாணி போட்டுப் பிணைத்துவிடுங்கள். உயரமும் ஒடுக்கமுமான கண்ணாடி அலமாரி கவிழ்ந்தால் சிலைகள் மட்டுமல்ல, எதிரே நிற்கும் குழந்தையும் ஆபத்துக்குள்ளாகும். இதைத் தள்ளிப்போடலாகாது. நிலநடுக்கம் அடிக்கடி நேரும் ஜப்பானில், பொருள்களின் அடியில் ஒட்டும் ஒளிபுகும் ஜெல் துண்டுகள் வீட்டு உபயோகத்துக்கென்றே விற்கப்படுகின்றன. கதவை ஓங்கிச் சாத்தினாலே அதிரும் தட்டுகளுக்கும் இவை பயன்படும்.

இனி அடுக்கும் முறை. சேகரிப்பு பெருகும்போது நாம் செய்யும் முதல் தவறு, எல்லாவற்றையும் ஒரே தட்டில் நெருக்கி நிறுத்துவது. அளவு விகிதத்தைப் பார்த்துத் தொகுப்பதே கண்ணுக்கு இதம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கதைமாந்தர் 1/7 அளவில் ஏறக்குறைய 23 சென்டிமீட்டரும், 1/8 அளவில் 20 சென்டிமீட்டரும் இருப்பார். மூன்று சென்டிமீட்டர்தானே என்று இரண்டையும் அருகருகே நிறுத்தினால், முகங்களின் பருமன் ஒவ்வாமல் கண்ணை உறுத்தும். குட் ஸ்மைல் கம்பெனி என்ற ஜப்பானிய நிறுவனம் 2006 முதல் வெளியிட்டுவரும், பெரிய தலையும் சிறிய உடலும் கொண்ட, ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயரமுள்ள நெண்டோராய்டு வகைச் சிலைகளுக்குத் தனித்தட்டே நல்லது. பின்வரிசைக்கு அக்ரிலிக் படிமேடை வைத்தால், முன்வரிசையின் தோளுக்கு மேலே பின்வரிசையின் முகம் தெரியும்.

இவற்றைவிட முக்கியமானது பார்வை மட்டம். ஒவ்வொரு சிலையையும் கையில் எடுத்து மெள்ளச் சுழற்றிப் பார்த்தால், அதன் கண்கள் உங்கள் கண்களைச் சந்திக்கும் ஒரு கோணம் இருப்பது தெரியும். சிற்பி அந்தக் கோணத்துக்காகவே தலையின் சாய்வையும் கூந்தலின் வீச்சையும் அமைத்திருப்பார். நிமிர்ந்து பார்க்கும் சிலையைக் கீழ்த்தட்டிலும், குனிந்து நோக்கும் சிலையை மேல்தட்டிலும் வைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அமர்ந்து பாருங்கள். அலமாரியே உயிர்பெற்றதுபோல இருக்கும். அப்படி நாள்தோறும் முகம் பார்க்கும் சிலையில்தான், ஒரு விரற்கடைச் சாய்வும் உடனே கண்ணில் படும்.

தூசியைத் துடைப்பதைவிட வராமல் தடுப்பது எளிது. கதவு இடுக்குகளில் ஒளிபுகும் ரப்பர் பட்டை ஒட்டினாலே பெரும்பகுதி நின்றுவிடும். படிந்த தூசிக்கு, ஒப்பனைக்குப் பயன்படும், இதுவரை பொடி தொடாத மென்மையான தூரிகை போதும். தலையிலிருந்து பாதம் நோக்கி மேலிருந்து கீழாகத் தட்டிவிட வேண்டும். துணி கூந்தல் நுனிகளில் சிக்கி இழுக்கும் என்பதால் நான் துணியைப் பயன்படுத்துவதில்லை. பிசுக்கு ஏறிய சிலையை இளஞ்சூடான நீரில், பாத்திரம் கழுவும் மென்திரவம் இரண்டு சொட்டு விட்டுக் கழுவி, நிழலில் காயவைக்கலாம். பாதத்துத் துளை வழியாக உள்ளே புகுந்த நீரை உதறி வெளியேற்ற மறக்காதீர்கள். உள்ளே உலோக ஊசி இருந்தால் துருப்பிடிக்கும். நகப்பூச்சு நீக்கி, தின்னர், ஆல்கஹால் ஆகியவற்றை அருகிலும் கொண்டுவரக் கூடாது. சிலையின் முகத்தில் அச்சிட்ட கண்கள் ஒரே துடைப்பில் அழிந்துபோகும். சிலையைத் தூக்கும்போது கூந்தலைப் பிடிக்காமல், பீடத்தையும் உடலையும் சேர்த்துப் பிடியுங்கள். அடிக்கடி விரல்படும் இடத்தில், மங்கலாக இருக்க வேண்டிய வண்ணம் மெருகேறிப் பளபளத்துவிடும்.

பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீடு மாற்றும்போது, சிலையின் வடிவத்துக்கே அச்செடுத்த அந்தப் பிளாஸ்டிக் கூட்டைப் போன்ற பாதுகாப்பு வேறில்லை. குமிழி உறையில் சுற்றி மாதக்கணக்கில் விட்டால் குமிழிகளின் தடம் வண்ணத்தில் பதிந்துவிடும். செய்தித்தாளில் சுற்றினால் மை ஏறும். கழற்றிய சிறு பாகங்களை ஒரு காகித உறையிலிட்டு, அதே பெட்டிக்குள் வையுங்கள்.

இன்னும் ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில், அதே விளக்கின் கீழ், ஒவ்வொரு தட்டையும் முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒளிப்படம் எடுத்து வையுங்கள். மங்கலும், விரற்கடையை எட்டாத சிறு சாய்வும் நாள்தோறும் காணும் கண்ணையே ஏமாற்றும் அளவுக்கு மெள்ள வருபவை. இரண்டு படங்களை அருகருகே வைத்தால் மறைக்க இடமில்லை. பிசுக்கேறிய கன்னத்தோடு வெளியே வந்த அந்தச் சிலையை இரண்டு முறை கழுவி, இரண்டு வாரம் நிழலில் காற்றாட வைத்தபின் நடுத்தட்டில் நிறுத்தினேன். அதன் படங்கள் இப்போது ஆறு சேர்ந்திருக்கின்றன. ஆறிலும் கன்னத்தில் பளபளப்பு இல்லை.

வணக்கம்.