அந்தச் சாக்ஸைத் தொடாதீர்கள்!

நடுவருக்கு வணக்கம், எதிரணிக்கு வணக்கம், பஸ் பிடிக்க இப்போதே எழுந்துவிட்ட பின்வரிசைக்கும் வணக்கம்.

மிக் ஃபோலி என்ற அமெரிக்க மல்யுத்த வீரர் பேர் வாங்கியது அடி வாங்கியதாலா, சிரிக்க வைத்ததாலா? இதுதான் தலைப்பு. நாங்கள் சிரிப்பு அணி. எதிரணித் தலைவர் போகிற போக்கில், "அழுக்குச் சாக்ஸைக் கையில் மாட்டி ஆடியவருக்கு இத்தனை பேச்சா, அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின்தான் உலக சாம்பியன்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் மஞ்சள் சட்டை அண்ணன் விசிலே அடித்தார், பார்த்தேன்.

ஐயா, அந்தச் சாக்ஸ் எப்படி வந்தது தெரியுமா? 1998 அக்டோபர். இந்த மல்யுத்தம் முன்கூட்டியே கதை எழுதி நடத்துவது. மல்யுத்தக் கம்பெனி முதலாளி வின்ஸ் மக்மான், கதைப்படி, அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். நாமாக இருந்தால் ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் என்று ஏதாவது வாங்கிப் போவோம். ஃபோலிக்கு அப்போது 'மேன்கைண்ட்' என்ற வேஷம், முகத்தில் தோல் முகமூடி. பலூனோடு போகிறார், கூடவே ஒரு கோமாளியையும் கூட்டிப் போகிறார். முதலாளி முகம் இஞ்சி தின்றது போல இருக்கிறது. உடனே ஒரு வெள்ளைச் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொள்கிறார். அதில் கண், வாய் எல்லாம் வரைந்திருக்கிறது. "இவர்தான் மிஸ்டர் சாக்கோ!" அதோடு முடிய வேண்டிய கூத்து, ஆனால் ஜனம் விடவில்லை. அப்புறம் எதிராளி வாய்க்குள் விரலை விட்டு அமுக்கும் தன் பழைய பிடியையே சாக்ஸ் மாட்டிய கையால் போட ஆரம்பித்தார். 'ராக்' என்ற பெரிய மல்யுத்த நட்சத்திரத்தின் வாயிலேயே அந்தச் சாக்ஸ் போய் வந்தது! அதே ராக் 1999இல் இவரோடு ஜோடி சேர்ந்து பட்டம் ஜெயித்தபோது அணிக்கு என்ன பெயர்? 'ராக் அண்ட் சாக்'. பெயரில் பாதி சாக்ஸுக்கு. வாஷிங் மெஷினுக்கு யார் கொடுத்தார்கள்?

அந்த வருஷம் செப்டம்பர் 27, 'ரா' என்ற டிவி மல்யுத்த நிகழ்ச்சியில் ராக்கைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று ஃபோலி, ராக்குடைய பழைய டீச்சர், கோச், காதலி என்று ஒவ்வொருவராக மேடைக்குக் கூட்டி வந்தார். ராக் ஒவ்வொருவரையும் திட்டி அனுப்பினார். சண்டை இல்லை, வெறும் பேச்சு. ரேட்டிங் 8.4!

சரி, பிட்ஸ்பர்க் கதைக்கு வருகிறேன். எதிரணி அதைப் பாதி சொல்லிப் பயமுறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டது. 1998 ஜூன் 28, 16 அடி உயரக் கம்பிக் கூண்டு. அதன் உச்சியிலிருந்து ஃபோலியை எதிராளி அண்டர்டேக்கர் தள்ளினார், கீழே ஸ்பானிஷ் வர்ணனையாளர்களின் மேசை தூள். ஸ்ட்ரெச்சர் வந்தது, படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள், மனுஷன் பாதி வழியில் இறங்கி, கர்ச்சீப் போட்ட சீட்டுக்குத் திரும்புகிற மாதிரி நடந்து வந்து மறுபடி கூண்டில் ஏறினார். இன்னொரு தடவை சொல்கிறேன், பின்வரிசைக்குக் கேட்டிருக்காது: ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கி, மறுபடி, ஏறினார்! இந்தத் தடவை கூரையே பிய்ந்தது. அது திட்டத்திலேயே இல்லை. இவர் விழுந்தார், பின்னாலேயே நாற்காலியும் விழுந்தது, முகத்தில். உடைந்த பல் மூக்குக்குள் போய்ச் செருகிக்கொண்டது. கேமரா கிட்டே போனால், ரத்த வாயோடு சிரிக்கிறார் ஐயா!

அப்புறமும் ஆட்டம் நடந்தது. குண்டூசிகளைக் கொட்டி, அதன் மேலேயே விழுந்து, தோற்று, உள்ளே போனதும் அண்டர்டேக்கரிடம் ஒரு சந்தேகம் கேட்டாராம்: "நான் குண்டூசியைப் பயன்படுத்தினேனா?" உன் கையைப் பார் என்றாராம் அவர். பார்த்தால் கை முழுக்க முள்ளம்பன்றி. குண்டூசி மேல் விழுந்தவர் ஆயிரம் பேர் இருப்பார்கள். விழுந்தேனா என்று விசாரித்தவர் இவர் ஒருவர்தான்!

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. மல்யுத்தத்தில் மணி அடித்த பிறகுதான் நாற்காலியையே தூக்குவார்கள், ஒரு நிமிஷம் கொடுங்கள்.

1999 ஜனவரி, அனஹைம் நகரம். முதல் வரிசையில் மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். எல்லாம் விளையாட்டு என்று முன்கூட்டியே சொல்லித்தான் கூட்டி வந்தார். கையைப் பின்னால் விலங்கிட்டு ராக் நாற்காலியால் தலையில் அடிக்கிறார். ஐந்து அடி என்று பேச்சு, விழுந்தது 11. அந்தப் பிள்ளைகள் அலறிய அலறல் இருக்கிறதே... பின்னால், பிள்ளைகள் அலறியதைப் படம் பிடித்ததை ஃபோலிக்குப் போட்டுக் காட்டினார்கள். மூக்கில் பல்லோடு சிரித்த மனுஷனுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. இது எந்த அணிக்குச் சாதகம் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

இன்றைக்குத் தாடி நரைத்துவிட்டது. வலது காதில் பெரும்பகுதி 1994இல் ஜெர்மனியின் மியூனிக்கில் மல்யுத்த மேடைக் கயிற்றில் சிக்கிப் போனதுதான். கிறிஸ்துமஸ் வந்தால் சிவப்பு உடை போட்டுக்கொண்டு சான்டா தாத்தாவாக உட்கார்ந்து பிள்ளைகள் கேட்பதைக் கேட்கிறார். எதிரணித் தலைவரே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். சான்டா தாத்தா பிள்ளைகளுக்குப் பரிசை எதில் போட்டுவிட்டுப் போவார்? சாக்ஸில் ஐயா, சாக்ஸில்! உங்கள் வாஷிங் மெஷினில் இல்லை.