நொய்யல் விவசாயியும் எங்கள் அணிதான்

நடுவர் அவர்களே, திருப்பூர் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"விழுந்த திருப்பூரை நிமிர்த்தியது தனிமனிதத் துணிச்சலே" என்று எதிரணி நண்பர் அழகாகப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து ஷிப்மென்ட் அனுப்பிய முதலாளியைச் சொன்னார். கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, வேலைக்குச் சேர்ந்து, கம்பெனி வைத்தவரைச் சொன்னார். நீங்கள் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். அந்தத் துணிச்சல் உண்மையானது. ஆனால் இந்த ஊர் நிஜமாகவே விழுந்த நாளில் அந்தத் துணிச்சல் எங்கே போய் முட்டி நின்றது என்பதை அவர் சொல்லவில்லை. "நிமிர்த்தியது ஊரின் கூட்டு முயற்சியே" என்ற எங்கள் அணி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2011 ஜனவரி கடைசி. சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலப்பது நிற்கவில்லை என்பதால் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள், கரண்டும் கட். நிட்டிங் மெஷினில் இறங்கிய துணி சாயம் ஏறாமல் கிடந்தால் கட்டிங் ஏது, தையல் ஏது, செக்கிங் ஏது? லூதியானாவுக்கும் அகமதாபாத்துக்கும் துணியை அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். வாடகைக்குத் தங்கியிருந்த தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். அன்றைக்கு இந்த ஊரில் துணிச்சல்காரர்களுக்குக் குறைவா? எல்லோரும் இங்கேதான் இருந்தார்கள். ஆளுக்கு ஆள் தனியாக ஓடியும் பார்த்தார்கள். பூட்டு திறக்கவில்லை.

ஏன் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், அதுவும் நிறைய வேண்டும். சாயம் துணியோடு போகும். உப்பு போகாது, அலசிய தண்ணீரோடு வெளியே வரும். நிறத்தை எடுத்துவிட்டுத் தண்ணீரைத் தெளிவாக்கி ஆற்றில் விட்டாலும் உப்பு அதில் அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கிணற்றுக்குத் தெரியும். அதை எடுக்க வேண்டுமானால் பாக்டீரியா தொட்டி, வடிகட்டி, ஆர்.ஓ. என்று ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். ஆர்.ஓ.வில் நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வரும், மறுபக்கம் கெட்டியான உப்புநீர் வரும். அந்த உப்புநீரை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து, தண்ணீரை ஆவியாக்கி, உப்பைப் படிகமாக எடுக்க வேண்டும். மின்சாரமும் விறகும் பணமும் தின்கிற வேலை. பெரிய ஆலைகள் சில இதைச் சொந்தமாகவே வைத்துக்கொண்டன, மறுக்கவில்லை. நாலு வின்ச், அதாவது சாயம் போடும் மெஷின், ஓட்டுகிற பட்டறைக்காரர் என்ன செய்வார்? வீட்டை மட்டுமல்ல, தெருவையே அடமானம் வைத்தாலும் அவருக்குக் கட்டாது.

வழி எப்படிப் பிறந்தது? காலையில் துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடம் ஒரே ஆர்டருக்கு அடித்துக்கொண்டவர்கள், மாலையில் ஒரே சுத்திகரிப்பு நிலையத்தின் பங்குதாரர்களாக ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். இன்னாருக்கு இத்தனை லிட்டர் என்று பங்கு பிரித்து மீட்டர் வைத்தார்கள். ஒருவர் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிட்டால் எல்லோருக்கும் பூட்டு. 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழக அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. அருள்புரம் நிலையத்தில், உப்புநீர் முழுவதையும் காய்ச்சாமல், சுத்தப்படுத்தித் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்தும் முறையைச் சோதித்தார்கள். அங்கே அது கைகூடியதும் மற்ற நிலையங்களுக்கும் நம்பிக்கை வந்தது. ஒரு ஆற்றுப்படுகை முழுவதும் இத்தனை சிறு பட்டறைகள் சேர்ந்து, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற விதிக்குள் வந்தது சாதாரண காரியம் இல்லை. தனி ஒருவர் பெயரை அதன் மேல் எழுத முடியுமா?

இன்னொன்றைச் சொல்கிறேன். இதைச் சொல்லும்போது இந்த மேடையில் சிலருக்கு வருத்தம் வரலாம், ஆனாலும் சொல்ல வேண்டும். திருப்பூரை மாற்றியவர்கள் பட்டியலில் முதலில் நிற்க வேண்டியவர்கள், திருப்பூருக்கு எதிராக வழக்குப் போட்ட நொய்யல் விவசாயிகள்.

நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் யாருக்காகக் கட்டப்பட்டது? அவர்களுக்காக. சில வருடங்களிலேயே அதில் சாயத்தண்ணீர் நிறைந்தது. தங்களுக்காகக் கட்டிய அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்டார்கள் என்றால், அந்த நிலம் என்ன பாடு பட்டிருக்கும்? தென்னை காய்ந்தது, கிணற்று நீரை மாடு குடிக்கவில்லை. அவர்கள் கல் எடுக்கவில்லை. பாசனச் சங்கமாகச் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கெடு விதித்தது, 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2011-இல் பூட்டு விழுந்தது. அத்தனை வருடம் விடாமல் வழக்கை நடத்தியவர்களும் இந்த ஊரை நிமிர்த்தியவர்கள்தான் ஐயா. அவர்கள் இழுத்துப் பிடித்திருக்காவிட்டால் அந்த எவாப்பரேட்டர் இன்றைக்கும் காகிதத்தில்தான் இருந்திருக்கும். இப்போது அதே சுத்திகரிப்பைக் காட்டித்தான் ஐரோப்பிய பையரிடம் ஆர்டர் கேட்கிறோம்.

தண்ணீர் வந்த கதையும் இதுதான். சுற்றுக் கிராமத்துக் கிணறுகளில் இருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கிய ஊர் இது. நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் தண்ணீர்த் திட்டத்தை ஏற்றுமதியாளர் சங்கமும் அரசும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்துதான் கொண்டுவந்தன. 1990-இல் சங்கம் தொடங்கியதால்தான் அரசோடு உட்கார்ந்து பேச ஒரு நாற்காலி கிடைத்தது.

சரி, கைமடியாக வந்து முதலாளியானவர் கதைக்கு வருகிறேன். எதிரணியின் பெரிய ஆயுதம் அதுதான். அவர் டெய்லரானார், பவர் டேபிள் எனும் தையல் மெஷின் வரிசைக்குக் காண்ட்ராக்ட் எடுத்தார், அப்புறம் நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தொடங்கினார். அந்த நாலு மெஷின் எப்படி வந்தது? சீட்டு எடுத்த பணம் பாதி. மீதி, பழைய முதலாளி தவணைக்கு விட்ட பழைய மெஷின். முதல் ஆர்டர் யார் கொடுத்தது? அதே முதலாளி, அல்லது பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி. நூல் கடனுக்கு வந்தது, காஜா பட்டன் அடுத்த சந்தில் நடந்தது, பில் பணம் வரும்வரை மளிகைக்கடைக்காரர் பொறுத்தார். அவர் உழைப்புக்குத் தலை வணங்குகிறேன். அவரைச் சுற்றி நின்ற இத்தனை பேரையும் எதிரணி கதையில் இருந்து வெட்டிவிட்டதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த உறவு வலை எட்டாதவர்களைப் பாருங்கள். செக்கிங் டேபிளில் பல வருடம் நிற்கும் பெண்களிடமும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தம்பிகளிடமும் துணிச்சலும் உழைப்பும் இல்லையா? அவர்களில் எத்தனை பேர் கம்பெனி வைத்தார்கள்? துணிச்சல் மட்டும் போதுமென்றால் அவர்களும் இந்நேரம் முதலாளிகளாகியிருக்க வேண்டுமே!

பனியன் தவிரவும் சொல்ல இருக்கிறது. 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்', 10 லட்சம் மரக்கன்றுகளைத் தாண்டியது. தன் தோட்டத்தில் இடம் கொடுத்தவர், தண்ணீர் ஊற்றியவர், செலவை ஏற்ற கம்பெனிக்காரர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள்.

2024-25-இல் இந்த ஊரின் ஏற்றுமதி ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். 2025 ஆகஸ்டிலேயே அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஆர்டர்கள் ஆட்டம் கண்டதும் முதலாளிகள் என்ன செய்தார்கள்? தனித்தனியாகவா வாஷிங்டனுக்கு போன் போட்டார்கள்? சங்கமாகத்தான் டெல்லிக் கதவைத் தட்டினார்கள்.

நேரம் முடிகிறது என்று மணி அடிக்கிறார்கள். எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன். சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில், பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. திரும்பவும் பயன்படாது, மண்ணிலும் கொட்ட முடியாது. எந்தத் தனி முதலாளி தன் துணிச்சலால் மட்டும் அதைத் தீர்த்துவிடுவார்? அவர் எப்படிச் செய்வார் என்பதை மட்டும் சொல்லுங்கள், நான் உங்கள் அணிக்கே வந்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.